கண்ணாடியைக் கழற்றாதே

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. அப்பா ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, உனக்குப் பின்னால் தெரியும் சிகரத்தின் பெயர் என்ன, உயரம் என்ன என்று தேடிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் அத்தனை உயரத்தில் போய் நின்ற முதல் ஆள் நீதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டியாயிற்று. நான் உன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். முதல் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய். மூன்றாவதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் உன் முகத்தில் கண்ணாடி இல்லை.

அன்று இரவு பேசும்போது, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, தூக்கம் போதவில்லை என்றாய். பாதிப் பேச்சில் வைத்தும்விட்டாய். அதன் பிறகு படங்கள் வருகின்றன, குரல் வரவில்லை. இத்தனை படம் அனுப்ப நேரமிருக்கிறவனுக்கு இரண்டு வரி எழுத முடியாதா?

தூக்கக் கேட்டில் கண் எரியும், சிவக்கும். மணல் உறுத்தல் வேறு. யாரிடம் கதை சொல்கிறாய்? கண் வார்டில் நான் இரவுப் பணி பார்த்தபோது வெல்டிங் பட்டறைப் பையன்கள் நடுநிசிக்கு மேல்தான் வருவார்கள். பகலில் ஒன்றும் தெரிந்திருக்காது. சாப்பிட்டுப் படுத்த பிறகு வலி தொடங்கியிருக்கும். இமையைத் திறக்க முடியாமல், நீர் வழிந்துகொண்டே, யாராவது கையைப் பிடித்து அழைத்துவருவார்கள். விளக்கைப் போட்டால் அலறுவார்கள். சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தால் கருவிழி மேல் ஊசி குத்தியதுபோலப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் தெரியும். அங்கே வெல்டிங் சுடர் செய்ததைத்தான் பனிமேட்டில் வெயில் செய்கிறது. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால்தான் ஆளாளுக்குத் தூக்கத்தின் மேல் பழியைப் போடுகிறீர்கள். பனிக்குருடு என்பது இதுதான்.

குளிரில் வெயில் என்ன செய்யும் என்பாய். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புதிதாய் விழுந்த பனி, தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கடற்கரை மணல்கூட 15 சதவீதம்தான். கீழேயிருந்து வருகிற வெளிச்சத்துக்குத் தொப்பி என்ன செய்யும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் இந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. மூட்டமாக இருந்தது என்றும் சொல்லாதே, மெல்லிய மேகத்தை அது சுலபமாகக் கடந்துவிடும். ஆகையால் கண்ணாடியைக் கழற்றாதே.

அப்பாவிடம் கண் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் நார்ட்டன் கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். நீயும் கேட்டதுதானே. 1924 ஜூன் 4 அன்று எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் 8,570 மீட்டர் வரை ஏறிய மனிதர், கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை, இது பாறைதானே, பனி இல்லையே என்று கண்ணாடியைக் கழற்றினார். அன்று இரவே பார்வை போனது. அவருடைய ஏறும் குழுவில் இருந்த மல்லோரியும் இர்வினும் ஜூன் 6 காலை மேலே கிளம்பும்போது, குழுத் தலைவரான அவர் கூடாரத்துக்குள் கண் தெரியாமல் கிடந்தார். அந்த இருவரும் திரும்பவே இல்லை. அவருக்குப் பிறகு பார்வை வந்துவிட்டது. எல்லோருக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வந்துவிடும் என்கிற தைரியத்தில்தான் மறுபடி கழற்றுகிறீர்கள். பல வருடம் இப்படியே போனால் கண்புரை சீக்கிரம் வரும்.

மறுபடி உறுத்தினால் தேய்க்காதே. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் உடனே எடு. இருட்டறையில், குளிர்ந்த ஈரத் துணியைக் கண்மேல் போட்டுப் படு. கண் வறட்சிக்கு விடும் சொட்டு மருந்து போதும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை யார் கொடுத்தாலும் வீட்டில் விட்டுக்கொள்ளாதே. வலி போகும், புண் ஆறாது. இரண்டு நாளில் தெளியவில்லையென்றால், இல்லை பார்வை மங்கினால் அதற்கு முன்பே, மருத்துவரிடம் போ.

கறுப்பாக இருந்தால் போதும் என்று கண்டதை வாங்காதே. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம், இருட்டில் கண்பாப்பா விரிந்துகொடுக்கும். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். பக்கவாட்டில் மறைப்பு வேண்டும். கழற்றாதே.

ஐந்தாவது படத்தில் உன்னுடைய சிவப்புக் கம்பிக் கண்ணாடி இன்னொருவர் முகத்தில் இருக்கிறது. காற்றில் முடி பறந்து முகத்தைப் பாதி மறைக்கிறது. பெரியம்மா யார் என்று கேட்டார்கள். உடன் வேலை பார்க்கிறவர் என்று சொல்லிவைத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அந்த முகத்துக்கு அகலம். மூக்கில் இறங்கி நிற்கிறது, மேலேயும் பக்கத்திலும் வெளிச்சம் தாராளமாக நுழையும். நீ கொடுத்ததும் வீண், உனக்கும் இல்லை. அளவாக ஒன்று வாங்கிக் கொடு, பக்க மறைப்போடு. பணம் போதாவிட்டால் சொல், அனுப்புகிறேன். அன்று இரவு அந்தக் கண்ணிலும் உறுத்தல் இருந்ததா என்று விசாரித்துச் சொல்.

மாடி அறை விவகாரம் ஒருவழியாக முடிந்தது, மற்றதை அப்பா எழுதுவார். ஞாயிறு காலை அவர் வெளியே போய்விடுவார். அப்போது கூப்பிடு. கண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்பேன்.

அம்மா