ஊசுட்டேரியில் பைனாகுலர் கொடுத்த ஐயாவுக்கு

போன ஞாயிறு காலை ஊசுட்டேரிக் கரையில் என் பிள்ளைகளிடம் உங்கள் பைனாகுலரைத் தயங்காமல் கொடுத்தீர்களே, உங்களுக்குத்தான் ஐயா இந்தப் பதிவு. பெயர் கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டீர்கள்.

லீவுக்கு முதுமலை போகத்தான் ஆசை. அப்பாவின் முழங்கால் அவ்வளவு தூரம் தாங்காது. சரி, 2008லேயே புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்த ஏரி பக்கத்திலேயே இருக்கிறதே என்று கிளம்பினோம்.

தண்ணீரில் பாம்பு என்று சின்னவள் கத்தினாள். "பாம்பில்லம்மா, பாம்புத்தாரா. உடம்பை அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்" என்றீர்கள். அது மீனைக் குத்தி எடுத்து, மேலே தூக்கிப் போட்டு விழுங்கியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அப்புறம் கட்டையில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்தது. அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும், அதனால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது என்று நீங்கள் சொன்னது எனக்கும் புதுசு. நத்தைகுத்தி நாரையின் அலகு, மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்பதைப் பெரியவன் நோட்டில் வரைந்திருக்கிறான்.

பிள்ளைகளின் நச்சரிப்பை இவ்வளவு பொறுமையாக நானே தாங்கியதில்லை! அப்பாவுக்கு உங்கள் மடக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நின்றதையும் மறக்கவில்லை.

மறுபடி வருவோம் ஐயா. பிளாஸ்கில் உங்களுக்கும் காபி உண்டு.