லுக்யானோவுக்கு முன்பே ஒரு நீர்க் கணினி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒப்புமைக் கணினிகள் (எண்களுக்குப் பதில் நீர்மட்டம் போன்ற அளவுகளால் கணக்கிடும் கருவிகள்) பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, தண்ணீரால் கணக்குப் போடும் கதையை 1936-இல் சோவியத் பொறியாளர் லுக்யானோவிடம் தொடங்குகிறது. கான்கிரீட்டில் வெப்பம் பரவுவது போன்ற சிக்கலான கணக்குகளைத் தீர்த்தது அவருடைய பொறி, அதில் மறுப்பில்லை. ஆனால் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளை (ஓர் அளவு மாறும் வீதத்தைத் தந்து அந்த அளவையே கேட்பவை) நீர்மட்டத்தால் தீர்க்கும் வழியை செர்பியக் கணிதப் பேராசிரியர் மிகைலோ பெட்ரோவிச் 1890-களிலேயே கண்டுவிட்டார். ஹைட்ரோ இண்டகிரேட்டர் என்ற அவருடைய நீர்க்கருவி 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றது.

தத்துவம் எளிது. 100 ச.செ.மீ. குறுக்குவெட்டுள்ள நீர்த்தொட்டியில், 20 ச.செ.மீ. குறுக்குவெட்டுள்ள நெடிய உருளை ஒன்று பாதி மூழ்கி நிற்கிறது. அதை இன்னும் 1 செ.மீ. இறக்கினால் மட்டம் எவ்வளவு ஏறும்? 0.2 செ.மீ. என்றுதான் பலரும் சொல்வார்கள். தவறு. ஏறும் நீர் உருளையை மேலும் கொஞ்சம் மூழ்கடிக்கும். ஆகவே இருபதை வகுக்க வேண்டியது நடுவே மிஞ்சும் 80-ஆல், ஏற்றம் 0.25 செ.மீ.

உருளை நேராக இருந்தால் விடை வெறும் நேர்கோடு. உயரத்துக்கு உயரம் பருமன் மாறும்படி அதைக் கடைந்துவிட்டால், மட்டம் ஏறும் வீதம், இறங்கிய தூரத்தையும் ஏறிய மட்டத்தையும் கூட்டிவரும் தொகையைப் பொறுத்து மாறும். தொட்டிச் சுவரையும் வளைத்தால் மட்டத்தையே தனியாகவும் பொறுத்து மாறும். ஆக, சமன்பாடு முழுவதும் கடைசல் வேலைக்குள் போய்விடுகிறது. இறக்கத்துக்கு ஏற்பச் சுழலும் தாளில் மட்டத்தைப் பதியவிட்டால் தீர்வு வளைகோடாக வந்துவிடும். தொடக்கத்தில் ஊற்றும் நீரைக் கூட்டிக் குறைத்தால் அதே சமன்பாட்டுக்கு வேறொரு தீர்வு.

(சாவா, டான்யூப் ஆறுகளில் மீன்பிடித்து, 1895-இல் மீனவர் தேர்விலும் தேறியவர் பெட்ரோவிச். நீரைக் கையாளச் சொல்லித்தர வேண்டியதில்லை!)

சிக்கல் உருளைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான். உருளையின் குறுக்குவெட்டு 20-க்குப் பதில் 21 ஆகிவிட்டால் வீதத்தில் பிழை சுமார் 6 சதவீதம். 90 இருக்க வேண்டிய இடத்தில் 91 ஆனாலோ 12 சதவீதம். இடுக்கு குறுகக் குறுக நீரின் பரப்பு இழுவிசையும் மட்டத்தை உயர்த்திக் காட்டும். வேகமாக இறக்கினால் அலையடித்து, கோடு நடுங்கும்.

தொடரின் அடுத்த பகுதியில் பெட்ரோவிச்சுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். கருவியின் குறுக்குவெட்டுப் படமும் இருந்தால் மாணவர்களுக்கு உதவும்.

— கணித ஆசிரியர் ஒருவர், திருச்சி