நோயாளியோடு விவரமும் வந்து சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் நெஞ்சுவலியால் துடித்த என் தாயாரை, உட்புறப் பகுதியிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து பினாங்கிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் அனுப்பி வைத்தார்கள். நான்காக மடித்த ஒரே ஒரு தாள்தான் கூட வந்தது. அதில் ஊசி மருந்தின் பெயர் இருந்தது. போட்ட நேரம் இல்லை. அவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் சொன்ன பிறகே தாதி எழுதிக்கொண்டார். நான் உடன் வந்திராவிட்டால் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

அமெரிக்காவில் 25 படுக்கைகளுக்கு மேற்படாத கிராமப்புற மருத்துவமனைகள் பல இதை அளந்தே பார்க்கின்றன. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, அவசரப் பிரிவில் கொடுத்த மருந்துகள், மருத்துவரின் குறிப்பு, நினைவு நிலை, மாற்றுவதற்கான காரணம், செய்த பரிசோதனைகள், அவற்றின் முடிவுகள் ஆகிய 8 விவரங்களும் அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று காலாண்டுதோறும் நோயாளிகளின் கோப்புகளை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். 2020க்கு முன்பு 27 விவரங்கள் கேட்கப்பட்டன. நள்ளிரவில் ஓய்வின்றி உழைக்கும் தாதியருக்குச் சுருக்கமான பட்டியலே ஏற்றது என்பதால், அதைக் குறைத்தது சரியே என்பேன். எட்டில் ஒன்று விடுபட்டாலும் அந்தக் கோப்பு முழுமையானதாகக் கணக்கில் சேராது.

நம் சுகாதார அமைச்சும் இத்தகைய கணக்கெடுப்பைச் சிறிய மருத்துவமனைகளில் தொடங்கி, அதன் முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த்