கருப்பட்டியோடு வரும் கடிதம்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் பீர் காய்ச்ச நீ கேட்ட கருப்பட்டி இந்தப் பெட்டியில் இருக்கிறது, மூன்று கிலோ. உடன்குடியில் நம் பழைய ஆளிடமே வாங்கினேன். சீனி கலந்ததை என்னிடம் தள்ளிவிட முடியாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றை உடைத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். கரைத்து வடிகட்டாமல் போடாதே, அடியில் மண் தங்கும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும்.

புகைப்படங்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. அந்தப் பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடியில் குழாய், பக்கத்தில் நீ வெப்பநிலை எழுதி வைக்கும் நோட்டு. நோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை, மாலை, இரவு என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாய். தாத்தாவும் எந்தப் பனையில் எத்தனை கலயம் என்று, பதநீர் காய்ச்சும் விடிலிச் சுவரில் கரியால் இப்படித்தான் கோடு போடுவார். படித்து டாக்டர் பட்டம் வாங்கிய பேரன் கடைசியில் அவர் தொழிலுக்கே வந்துவிட்டான் என்று சொன்னால் சிரித்திருப்பார். உன் அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் என்னைத் தேவாலயங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அழைத்துப் போனாய் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிரஸ்ஸல்ஸில் பார்த்த கான்டியோன் பீர் ஆலையை அருங்காட்சியகக் கணக்கில் சேர்த்துவிட்டேன். 1900இல் தொடங்கியது என்றாய். ஒட்டடை அடிக்கவே மாட்டார்களாம், சிலந்தி பூச்சிகளைப் பிடிக்கட்டும் என்று. என் வீட்டில் நீ அப்படிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் கூரைக்கு அடியில் அந்த அகலமான செம்புத் தொட்டியைக் காட்டி, காய்ச்சியதை இதில் ஊற்றி இரவு முழுவதும் ஆறவிடுவார்கள், புளிக்கவைக்கும் ஈஸ்ட் காற்றிலிருந்து தானாக வந்து விழும் என்று நீ விளக்கினாயே, அது எனக்கு உடனே புரிந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள். அதில் யார் ஈஸ்ட் போட்டார்கள்? 1987இல் கள்ளைத் தடை செய்வதற்கு முன்னால் தாத்தா எப்போதாவது ஒரு கலயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு தடவ "மறந்துபோவார்". பாட்டி பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள்.

லூவனில் நீ வாங்கித் தந்த அந்த வெள்ளை பீர் இன்னும் நாக்கில் இருக்கிறது. கலங்கலாக, அரிசி களைந்த தண்ணீர்போல. முளைகட்டாத கோதுமை, முளைகட்டிய பார்லி, கொத்தமல்லி விதை, காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் என்று நீ அடுக்கியபோது என்னைக் கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஹூகார்டன் ஊரில் இந்த பீரே இல்லாமல் போய், 1966இல் ஒரு பால்காரர் திரும்பக் காய்ச்சத் தொடங்கினார் என்றாய். பால்காரருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். பிறகு ஒரு மிடறு குடித்தேன். முதலில் நார்த்தங்காய்த் தோல், அதற்குப் பின்னால் மல்லி. காய்ச்சல் நாளில் உனக்குப் போட்டுத் தரும் சுக்கு மல்லிக் காப்பியில் சுக்கை எடுத்துவிட்டதுபோல. முகத்தைச் சுளித்தேன் அல்லவா? அது நடிப்பு. நீ போனில் பேச வெளியே போனபோது இன்னும் இரண்டு மிடறு குடித்தேன்.

நீ காய்ச்சும்போது மல்லியை வறுத்துவிடாதே, குழம்பு வாசனை வந்துவிடும். ஒன்றிரண்டாக இடித்துப் போடு. வெறும் வயிற்றில் குடிக்காதே. இரவில் சோறு வடிக்கிறாயா, இல்லை அந்த ரொட்டியேதானா?

ஒரு தடவைக்கு இருபது லிட்டர் என்றாய். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 330 மில்லி பாட்டில் என்றால் அறுபது வருகிறது. நண்பர்களுக்குக் கொடுப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். போன தடவை பேசியபோது உனக்குப் பின்னால் ஜன்னலோரம் காலி பாட்டில்கள் வரிசையாக நின்றன. கழுவி மறுபடி நிரப்ப வைத்திருப்பாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகு குடி என்று மட்டும்தான் சொல்கிறேன்.

லூவனில் அந்த பீர்க் கடை வாசலில் நான் நின்றுவிட்டது நினைவிருக்கிறதா? கண்ணாடிக் கதவு, உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள்கூட. என் கால் உள்ளே போகவில்லை. "வா அம்மா, ஒன்றும் இல்லை" என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனாய். குடிக்கிற இடத்துக்குள் நான் கால் வைத்தது அறுபத்து நான்கு வயதில், அதுதான் முதல் தடவை.

நீ ஐந்தாம் வகுப்பில் வைத்தாய்.

கடையை அரசு எடுத்து நடத்துவதற்கு முன்னால், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த பிராந்திக்கடை. சம்பள நாள்களில் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று உன்னை அனுப்பினேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவாய், அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். எதிர்வீட்டில் கேட்டால் டியூஷன் போயிருக்கிறான் என்பேன். பிள்ளை போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நான் போனால் ஊர் பேசும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகவேண்டியவள் நான்தான். வாசலில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் உனக்குச் சோறு போட்டேன். உள்ளே என்ன பார்த்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. அன்று அந்த மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ ஆரஞ்சுத் தோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய், அவ்வளவு சந்தோஷமாக. அதனால் முகத்தைச் சுளித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனை எடு. கருப்பட்டி பீர் எப்படி வந்தது என்று சொல். இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிடும், அடுப்புப் புகை வாசம் மட்டும் தங்கும் என்றாய். அது நம் விடிலி வாசம்போல இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பெட்டியின் ஓரத்தில் இரண்டு சிரட்டைக் கருப்பட்டியைத் தனியாகப் பனையோலையில் சுற்றி வைத்திருக்கிறேன், கூடவே இடித்த சுக்கு ஒரு பொட்டலம். அவற்றை வாளியில் போட்டுவிடாதே. அவை காப்பிக்கு.

அம்மா