கவலைப்படாதே, அடுத்த மாதம் வந்துவிடுவேன்

படைவீரர்களின் விடுவிப்புத் தேதியைக் குறிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு பழைய படைவீரன். போர் நின்ற பிறகு டிஸ்சார்ஜுக்காக ஐந்து மாதம் முகாமில் காத்துக் கிடந்தவன். எந்தப் படை, எந்த முகாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. இப்போதும் எங்கோ ஒரு மேஜையில் இன்னொருவனின் கோப்பு உங்கள் கையெழுத்துக்காகக் கிடக்கும், அதற்காக எழுதுகிறேன்.

சண்டை நடந்தபோது மனைவிக்குக் கடிதம் எழுதுவது எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. "நலமாக இருக்கிறேன்" என்றால் போதும். எழுதிய அந்த நிமிடத்துக்காவது அது உண்மை. சண்டை நின்ற பிறகுதான் பேனா ஓடவில்லை. இனி குண்டு விழாது என்றால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அலுவலகக் குமாஸ்தாவிடம் கேட்டால், "மேலேயிருந்து வரணும்" என்பார். மேலே யார், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, பாவம். அதனால் நானே ஒரு தேதியை உருவாக்கி எழுதினேன்: கவலைப்படாதே, அடுத்த மாதம் வந்துவிடுவேன். அப்புறம் இன்னொரு தேதி. அப்புறம் இன்னொன்று.

முதல் இரண்டு தேதிகளையும் அவள் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். மூன்றாவதிலிருந்து பென்சில். வீடு திரும்பி அந்தக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. ஒரு வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த வாரத்தில் போட்டிருந்தாள். அழித்த இடத்தில் தாள் நைந்திருந்தது. கடைசி இரண்டு மாதப் பக்கங்களில் ஒரு குறியும் இல்லை. அவள் கடிதங்களிலும் அந்தச் சமயத்தில்தான் "எப்போது வருவீர்கள்" என்ற வரி நின்றுபோனது. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்!

தாமதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பல் வேண்டும், ரயில் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், புதைத்த கண்ணிவெடிகளை எடுக்க ஆள் வேண்டும். லட்சக்கணக்கானவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது கடைசி வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கும் புரியும். அவனுக்குப் புரியாதது அந்த வரிசையின் விதி.

இதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டன், தொழிலுக்கு அவசியமானவர்களை முதலில் விடுவிப்பது என்று திட்டம் போட்டது. முதலாளி வேலைக் கடிதம் கொடுத்தால் போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிக் கடிதம் வாங்க முடிந்தவர்களில் பலர் கடைசியாகப் படையில் சேர்ந்தவர்கள். நான்கு வருடம் பதுங்குகுழியில் கிடந்தவன் பார்த்துக்கொண்டிருக்க, நேற்று வந்தவன் மூட்டை கட்டினான். 1919 ஜனவரியில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பிரான்சுக்குத் திரும்பும் கப்பலில் ஏற மறுத்தார்கள். அதே மாதம் போர் அமைச்சரான சர்ச்சில் அந்த விதியையே மாற்றி, எத்தனை காலம் பணி செய்தான், என்ன வயது, காயம் பட்டவனா என்று பார்க்க வைத்தார்.

அடுத்த போரில் அவர்கள் பாடம் படித்திருந்தார்கள். 1944 செப்டம்பரிலேயே, போர் முடியும் முன்பே, அமைச்சர் எர்னஸ்ட் பெவினின் திட்டம் வெளியானது. இரண்டு மாதப் பணி ஒரு வயதுக்குச் சமம், அவ்வளவுதான். 22 வயதில் நான்கு வருடம் பணி செய்தவனும் 40 வயதில் ஒரு வருடம் பணி செய்தவனும் ஒரே குழு. தன் குழு எண்ணைச் சிப்பாய் தானே கணக்குப் போட்டு வீட்டுக்கு எழுதலாம். 'எனக்கு முன்னால் இத்தனை குழு இருக்கிறது' என்பது ஆறுதலான வரியல்ல, ஆனால் உண்மையான வரி.

அமெரிக்கப் படையில் 1945 மே மாதம் புள்ளிக் கணக்கு வந்தது. பணியில் இருந்த மாதத்துக்கு ஒரு புள்ளி, அதில் வெளிநாட்டில் கழித்த மாதத்துக்கு மேலும் ஒன்று, பங்கெடுத்த போர்த்தொடருக்குத் தரும் நட்சத்திரத்துக்கும் பதக்கத்துக்கும் தலா ஐந்து, குழந்தைக்குப் பன்னிரண்டு, மூன்று குழந்தைகள் வரை. 85 சேர்ந்தால் வீடு. மூன்று வருடப் பணி, அதில் இரண்டு வருடம் வெளிநாடு, இரண்டு நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 70. ஒரு குழந்தை இருந்தால் 82. மூன்று குறைகிறது. மனைவிக்கு எத்தனை என்கிறீர்களா? பூஜ்யம். (பிரிட்டனில் படையில் இருந்த பெண்களில் திருமணமானவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். ஆக, சிப்பாயே மனைவியாக இருந்தால் அவளும் கணக்கில் வருவாள்!)

ஆனாலும் அந்தப் பூஜ்யத்துக்காக யாரும் தெருவுக்கு வரவில்லை. 1946 ஜனவரியில், விடுவிப்பின் வேகம் குறையும் என்று திடீரென்று அறிவித்தபோதுதான் பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் ஊர்வலம் போனார்கள். அந்த மாதங்களில் மனைவிமார்கள் 'அப்பாவை அனுப்புங்கள்' என்று கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் குழந்தைகளின் காலணிகளை அனுப்பினார்கள். குறைந்த புள்ளியைப் பொறுத்துக்கொண்டவர்கள் கொடுத்த வாக்கு மாறியதைப் பொறுக்கவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். விதியை எழுதி முகாமின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வொருவனுக்கும் அவன் வரிசை எண்ணைச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். 'மார்ச்சுக்கு முன் கிடையாது' என்பதுகூட ஒரு பதில்தான். விதி மாறினால் ஏன் மாறியது என்பதை அன்றே தெரிவியுங்கள், வதந்தி அதை முந்துவதற்குள். இதற்குக் கப்பலும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். ஒரு தாளும் நான்கு ஆணியும் போதும்.

என் விடுவிப்பு ஆணை ஓர் இரவு எட்டு மணிக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை வண்டி. நல்ல செய்தியைக்கூட முன்கூட்டிச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் கழித்து, நானே எழுதிய கடைசிக் கடிதம் தபாலில் வந்தது. அவள் என் எதிரிலேயே பிரித்து, சத்தமாகப் படித்தாள்: "இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் போலிருக்கிறது. கவலைப்படாதே." படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடித்து, மற்றக் கடிதங்களோடு பெட்டியில் வைத்தாள்.

இப்படிக்கு,
ஐந்து மாதம் காத்திருந்த ஒருவன்