ரெண்டு பம்புக்கும் ஒரே ட்ரேல கேபிள் போனா என்ன ஆகும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கூடங்குளம் அணு உலை பத்தி உங்க பேப்பர்ல என்ன வந்தாலும் விடாம படிக்கிறவன் நான், எங்க ஊரு ராதாபுரம் தாலுகாதான், அதனால எனக்கு அது செய்தி மட்டும் இல்ல, பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி. ஆதரிச்சு எழுதுறவங்க, எதிர்த்து எழுதுறவங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல மட்டும் ஒரே மாதிரி பேசுறாங்க. கூலிங்குக்கு நாலு வரிசை பம்பு இருக்கு, ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்னு இவங்க சொல்றாங்க, நாலு போதுமான்னு அவங்க கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் எண்ணிக்கையிலயே நிக்குது. 28 வருஷம் பாய்லர் ஹவுஸ்ல கிடந்தவன்ங்கிற முறையில இதுல எனக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் வேலை பாத்த ஃபேக்டரியில விறகு பாய்லர். அதுக்கு தண்ணி ஏத்துற ஃபீட் பம்பு ரெண்டு, ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்டேண்ட்பை. வாரத்துக்கு ஒரு நாள் மாத்தி ஓட்டி லாக் புக்ல எழுதி வைப்போம், இன்ஸ்பெக்டர் வந்தா அந்த புக்கைத்தான் காட்டுவோம், அவரும் ரெண்டு பம்பு இருக்குல்லன்னு கையெழுத்து போட்டுட்டு போவாரு. ஒரு ஐப்பசி மாசம் நைட் ஷிஃப்ட்ல பேனலுக்கு பின்னாடி கேபிள்ல தீ பிடிச்சுச்சு. ஓடிட்டு இருந்த பம்பு டிரிப் ஆச்சு. சரின்னு ஸ்டேண்ட்பை பட்டனை அமுக்குறேன், சத்தமே இல்ல. திரும்ப அமுக்குறேன், இல்ல. ரெண்டு மோட்டாருக்கும் கேபிள் ஒரே ட்ரேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி போயிருக்கு, வயரிங் பண்ணினவனுக்கு அது சுலபமா இருந்திருக்கும், இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அதை நிமிர்ந்து பாக்கல, நானும்தான். பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டுற கேஜ் கிளாஸ்ல தண்ணி கண்ணு முன்னாடி இறங்குது. நாங்க நாலு பேரு நீட்டு கம்பியை விட்டு எரியுற விறகை எல்லாம் இழுத்து வெளிய தரையில கொட்டி தண்ணி ஊத்தினோம். என் வலது கையில இன்னிக்கும் அந்த தழும்பு இருக்கு. ஆனா பாய்லர் தப்பிச்சுது.

அன்னிக்கு நாங்க தப்பிச்சது எதனாலன்னா நெருப்பை வெளிய இழுக்க முடிஞ்சதால. அணு உலையில அது முடியாது. இந்த ஒரு விஷயத்தை மக்களுக்கு சரியா யாருமே சொல்றது இல்லைங்கிறது என் ஆதங்கம். உலையை நிறுத்திட்டோம்னா அணுப்பிளவு நின்னுடும், உண்மைதான், ஆனா பிளந்து கிடக்குற துண்டுங்க எரிபொருளுக்குள்ளயே இருந்து தானா சிதைஞ்சுகிட்டே இருக்கும், அந்த சூட்டை எந்த சுவிட்சும் நிறுத்தாது. நிறுத்தின அந்த நொடியில முழு சக்தியில நூத்துக்கு 6, 7 பங்கு. கூடங்குளத்துல ஒரு யூனிட் 1,000 மெகாவாட் மின்சாரம் குடுக்குது, ஆனா உலைக்குள்ள உண்டாகுற வெப்பம் 3,000 மெகாவாட். அப்போ நிறுத்தின உடனே சுமார் 200 மெகாவாட் சூடு இருக்கும். ஒரு நாள் கழிச்சு அது ரொம்பவே குறைஞ்சு சுமார் 15 மெகாவாட்டுக்கு வரும். 15 தானேன்னு தோணும். அதை வெறும் தண்ணி ஊத்தி ஆவியாக்கியே இறக்கணும்னா செகண்டுக்கு ஏறக்குறைய 6 லிட்டர் வேணும், நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒண்ணு அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல தாங்கும், அவ்வளவுதான். ராத்திரி பகலா லாரி மேல லாரி வரணும், அதுவும் நிறுத்தி ஒரு நாள் ஆனதுக்கு அப்புறம்!

இப்போ நரோராவுக்கு வர்றேன். உத்தரப் பிரதேசத்துல கங்கை கரையில இருக்குற அணு மின் நிலையம். 1993 மார்ச் 31, விடியக்காலை மூணரை மணி. ஒண்ணாவது யூனிட் டர்பைன்ல ரெண்டு பிளேடு உடைஞ்சு பறந்துச்சு, டர்பைன் கன்னாபின்னான்னு ஆடி ஜெனரேட்டர்ல இருந்த ஹைட்ரஜன் கசிஞ்சு தீப்பிடிச்சு, டர்பைனுக்கு விடுற லூப்ரிகேஷன் ஆயிலும் சேந்து எரிஞ்சு, தீ அப்படியே கேபிள் வழியா ஓடுச்சு. அங்க ஸ்டேண்ட்பை இல்லாம இல்ல. டீசல் ஜெனரேட்டர் இருந்துச்சு, பேட்டரி இருந்துச்சு, ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு பேப்பர்ல எல்லாமே இருந்துச்சு. ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தா இருக்க வேண்டிய லைனோட கேபிளுங்க எல்லாம் பக்கத்துல பக்கத்துல ஒண்ணா போயிருந்துச்சு, நடுவுல தீத்தடுப்பும் இல்ல. எங்க ஃபேக்டரி கதையேதான். அதனால கரண்ட் இருந்தும் பம்புக்கு போய் சேர வழி இல்லாம ஸ்டேஷன் முழுக்க இருட்டு, சுமார் 17 மணி நேரம். கன்ட்ரோல் ரூமுக்குள்ள புகை ஏறி ஆளுங்களே வெளிய வர வேண்டியதாச்சு.

அந்த ஷிஃப்ட்ல இருந்தவங்களை நினைச்சா எனக்கு இப்பவும் மேல் சிலிர்க்கும். உலையை உடனே நிறுத்திட்டாங்க. பிறகு உலை மறுபடி உயிர் பெறாம இருக்கணும்னு அந்த இருட்டுலயும் புகையிலயும் டார்ச் லைட்டை புடிச்சுகிட்டு மேல ஏறி கையால வால்வை திறந்து அணுப்பிளவை அடக்குற போரான் கரைசலை இறக்குனாங்க, அது புவியீர்ப்புல தானா இறங்குற மாதிரி செஞ்சு வச்சிருந்தது. கூலிங்குக்கு கடைசியா கை குடுத்தது தீயணைக்க வச்சிருந்த டீசல் பம்பு. அது டீசல் இன்ஜின்ல நேரா ஓடுறது, எரிஞ்சு போன எந்த கேபிளும் அதுக்கு தேவை இல்ல. அந்த தண்ணியை, உலை சூட்டுல ஆவி உண்டாக்குற ஸ்டீம் ஜெனரேட்டருக்குள்ள விட்டாங்க. ஸ்டீம் ஜெனரேட்டர் உலையை விட உயரத்துல இருக்குறதால உலைக்குள்ள சூட்டை எடுக்குற கனநீர் சூடானா தானா மேல ஏறும், ஆறினது தானா கீழ இறங்கும், பம்பே இல்லாம சுத்தும். அதாலதான் எரிபொருள் உருகல, கதிர்வீச்சு வெளிய வரல. அணு விபத்துகளை 7 வரைக்கும் தரம் பிரிக்கிற சர்வதேச அளவுகோல்ல அதை 3ஆம் நிலைன்னு குறிச்சாங்க. அதுக்கப்புறம் மத்த நிலையங்கள்லயும் பிளேடை மாத்தி, கேபிளை தனித்தனியா பிரிச்சு, நடுவுல தீத்தடுப்பு வச்சாங்க.

நம்ம நாட்டுல நடந்த இவ்வளவு பெரிய பாடம், இது எத்தனை தமிழ் வாசகருக்கு தெரியும்? செர்னோபில் தெரியும், ஃபுகுஷிமா தெரியும்.

ஃபுகுஷிமாவையும் எல்லாரும் சுனாமின்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. 2011 மார்ச் 11 பூகம்பம் வந்த உடனே ஓடிட்டு இருந்த மூணு உலையும் தானா நின்னுச்சு, வெளி கரண்ட் போச்சு, டீசல் ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆச்சு, அதுவரைக்கும் எல்லாம் சரி. சுமார் 50 நிமிஷம் கழிச்சு 14, 15 மீட்டர் உயரத்துக்கு தண்ணி வந்துச்சு. அங்க டீசல் ஜெனரேட்டர் மொத்தம் 13. பெரும்பாலானது அடித்தளத்துல. கரண்ட் பிரிச்சு குடுக்குற ஸ்விட்ச்போர்டும் தண்ணிக்குள்ள, கடல் தண்ணி இழுக்குற பம்பு அதை விட தாழ்வுல கரையோரம். கரண்ட் குடுக்குற நிலையில ஒண்ணே ஒண்ணுதான் பிழைச்சுது, ஆறாவது யூனிட்டுக்கு உள்ள ஒரு ஜெனரேட்டர், உயரமான இடத்துல இருந்துச்சு, காத்துலயே ஆறுற மாடல், கடல் தண்ணி பம்பு அதுக்கு வேண்டாம். அந்த ஒண்ணை வச்சுத்தான் அஞ்சாவது, ஆறாவது யூனிட்டை காப்பாத்துனாங்க. காத்துல ஆறுற மாடல் இன்னும் ரெண்டு இருந்தும், அதோட ஸ்விட்ச்போர்டு மூழ்கினதால அதுவும் உதவல, ஜெனரேட்டரும் ஸ்விட்ச்போர்டும் சேந்து தப்பிச்ச ஒண்ணு மட்டும் நின்னுச்சு. இதுல மனசு ஆறாத விஷயம் என்னன்னா 2008லயே அந்த நிலையத்தை நடத்துன டெப்கோ கம்பெனி உள்ளுக்குள்ள போட்ட கணக்குல 15.7 மீட்டர் வரைக்கும் அலை வரலாம்னு வந்திருக்கு. கணக்கு ஃபைல்லயே இருந்துச்சு.

தண்ணி, தீ மட்டும் இல்லைங்க, மனுஷன் கையும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்திடும். அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையம், 1979 மார்ச் 28. மெயின் ஃபீட் பம்பு நின்னதும் அவசர பம்பு மூணும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சு, மூணும் ஓடுச்சு, ஆனா ஒரு சொட்டு தண்ணி போகல. டெஸ்ட் பண்ணும்போது மூடின ரெண்டு வால்வையும் திறக்காம விட்டிருக்காங்க. 8 நிமிஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள இன்னொரு வால்வு திறந்தபடி மாட்டிக்கிட்டது வேற பெரிய கதை, முடிவுல உலையில பாதி உருகிப் போச்சு.

நம்ம கல்பாக்கத்துலயும் 2004 சுனாமி அன்னிக்கு ரெண்டாவது யூனிட் ஓடிட்டு இருந்துச்சு. கடலுக்கு அடியில தண்ணி எடுக்குற சுரங்கம் வழியா அலை ஏறி பம்பு ஹவுஸ் மூழ்கிச்சு, ஆவியை திரும்ப தண்ணியாக்குற கன்டென்சருக்கு கடல் தண்ணி அனுப்புற பம்புங்க நின்னு போச்சு. வெளி கரண்ட் போகாததால உலையை பத்திரமா நிறுத்தி ஆற வச்சாங்க. அங்க இருந்தவங்க நல்லா வேலை பாத்தாங்க, அதை மனசார சொல்றேன். அதே நேரம் அலையும் வந்து கரண்டும் போயிருந்தாங்கிற கேள்விக்கு ஜப்பான்ல ஆறு வருஷத்துக்கு கொஞ்சம் மேல ஆனதும் பதில் கிடைச்சுது.

கூடங்குளத்துக்காரங்க பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிடுறேன். அங்க பம்பு வரிசைக்கு மேல இன்னொரு ஏற்பாடு இருக்கு, கரண்டே இல்லாம காத்துல சூட்டை வெளியேத்துறது. ஸ்டீம் ஜெனரேட்டர்ல உண்டாகுற ஆவி குழாய் வழியா உலைக் கட்டிடத்துக்கு வெளிய உயரத்துல இருக்குற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு போகும், அங்க வெளிக்காத்து பட்டு தண்ணியா மாறி தானா திரும்ப கீழ வரும். சுத்தி சுத்தி அதே தண்ணிதான், நான் மேல சொன்ன லாரி கணக்கு இதுக்கு வேண்டாம். நல்ல டிசைன், நரோராவுல கை குடுத்த அதே இயற்கை விதி. எனக்கு இதுல மரியாதை உண்டு.

ஆனா ஃபுகுஷிமா முதல் யூனிட்லயும் பம்பு இல்லாம ஆற வைக்கிற ஒரு கன்டென்சர் இருந்துச்சு. கரண்ட் போற நேரத்துல அதோட வால்வுங்க மூடிக்கிச்சு, ஏன்னா கன்ட்ரோல் பவர் போனா மூடணும்னு லாஜிக் அப்படி போட்டிருந்தாங்க. உள்ள இருந்தவங்களுக்கு அது ஓடுதா இல்லையான்னு தெரியல, சுவத்துல இருக்குற ரெண்டு ஓட்டை வழியா ஆவி வருதான்னு வெளிய நின்னு பாத்தாங்க, கொஞ்சம் ஆவி தெரிஞ்சதும் ஓடுதுன்னு நம்பினாங்க, அது நிஜத்துல எப்படி ஓடும்னு பாத்த அனுபவம் அங்க இருந்தவங்களுக்கு இல்ல. முதல்ல உருகினதே அந்த யூனிட்தான். தானா ஓடும்னு சொல்ற எதுக்கும் நடுவுல ஒரு வால்வோ ஒரு கதவோ இருக்கத்தான் செய்யும், கரண்ட் இல்லாதப்போ அது எந்த பக்கம் நிக்கும்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

கூடங்குளத்துல காத்து உள்ள வர்ற அந்த கதவுங்க கரண்ட் இல்லாதப்போ திறக்குறத எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டி பாக்குறாங்க, கடல் உப்புக் காத்துல அந்த கீல் எல்லாம் எப்படி இருக்கு, மே மாசம் மத்தியானம் எங்க ஊரு வெயில்ல அந்த காத்து எவ்வளவு சூட்டை இறக்கும், இதுக்கெல்லாம் பதில் பாதுகாப்பு ஆய்வறிக்கையில இருக்க வேண்டிய விஷயம். அந்த அறிக்கையில வணிக ரகசியம் உள்ள பகுதியை எடுத்துட்டு மீதியை மக்களுக்கு குடுங்கன்னு மத்திய தகவல் ஆணையம் 2012லயே உத்தரவு போட்டுச்சு. அதைத்தான் நான் கேக்குறேன், கூலிங் சம்பந்தமான அத்தியாயத்தையாவது தமிழ்ல போடுங்க. எங்களுக்கு புரியாதுன்னு நினைக்க வேண்டாம். இந்த மாவட்டத்துல பம்பு ஓட்டுனவன், வெல்டிங் பண்ணினவன், மோட்டார் ரீவைண்டிங் பண்றவன்னு ஆயிரம் பேரு இருக்கான், ஒரு வரைபடத்தை விரிச்சு வச்சா எந்த குழாய் எங்க போகுதுன்னு விரலை வச்சு காட்டுவான்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா. அடுத்த தடவை உங்க நிருபர் உள்ள போக அனுமதி கிடைச்சா எத்தனை பம்புன்னு கேட்டு எழுதிட்டு வந்துட வேண்டாம். டீசல் ஜெனரேட்டர் ரூம்ல ஆரம்பிச்சு பம்பு மோட்டார் வரைக்கும் ஒரு வரிசையோட கேபிள் கூடவே நடக்கச் சொல்லுங்க, திரும்பி வந்து இன்னொரு வரிசையோட கேபிள் கூட நடக்கச் சொல்லுங்க, ரெண்டும் எங்கயாவது ஒரே ரூமுக்குள்ள நுழையுதான்னு பாத்து அதை எழுதச் சொல்லுங்க. எங்க ஃபேக்டரியில அந்த தீக்கு அப்புறம் ரெண்டாவது பம்பு கேபிளை எதிர்ப்பக்க சுவர் வழியா தனி இரும்பு பைப்புல கொண்டு போனோம், மூணு பேரு ரெண்டு நாள் வேலை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் ஹவுஸ் ஃபோர்மேன்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்