கீழ்த்தளத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சமுதாய நலக்கூட நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்தவர்களுக்காக உங்கள் கூடத்தில் செவ்வாய், வெள்ளி காலைகளில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டீர்கள். கீழ்த்தளத்தில் இப்போது கல்யாணப் பாத்திரங்களும் வாடகை நாற்காலிகளும் அடுக்கிக் கிடக்கின்றன. அந்த இடம் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

"கொஞ்சம் படிதானே, பிடித்துக்கொண்டு ஏறலாமே" என்றார் உங்களில் ஒருவர். இந்த நோயாளிகளோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும், நேரான படிகளைப் பலர் ஏறிவிடுவார்கள். காலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியும் கண்ணுக்குக் காட்டிவிடும். சிக்கல் திரும்பும் இடத்தில். அங்கே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் சாயும். போன வெள்ளிக்கிழமை இறங்கும்போது என் அம்மா அந்தத் திருப்பத்தில் அப்படித்தான் நின்றுவிட்டார். கைப்பிடியும் சரியாக அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பின்னால் இறங்கியவர்களும் அப்படியே நின்றார்கள். முன்னால் போன டீச்சர் திரும்பி, தட்டுக்கழியால் சுவரில் தட்டி "தையா தை, தையா தை" என்று சொல்லச் சொல்லத்தான் அம்மாவின் இடது கால் எழும்பியது. அன்று யாரும் விழவில்லை. அடுத்த முறை விழுந்தால் யார் பொறுப்பு?

அந்தத் தாளம்தான் இந்த வகுப்பின் உயிர். தானாக நடந்த நடை தடைப்படும்போது, வெளியிலிருந்து வரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைக்க முடிகிறது. நியூயார்க்கில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001இலேயே இந்த நோயாளிகளுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் அறிக்கை வெளியிட்டது.

எங்கள் டீச்சர், காலால் தரையைத் தட்டும் தட்டடவை நாற்காலியில் உட்காரவைத்தே சொல்லித் தருகிறார். மலர்ந்த தாமரை போல விரல்களை விரிக்கும் அலபத்ம முத்திரையைப் பிடிக்கப் பிடிக்க மடங்கிப்போன விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. அப்புறம் அபிநயம். இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் "அக்காவுக்கு என்ன கோபம்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். வகுப்பில் யசோதையாகப் புருவத்தை உயர்த்தி கண்ணனை மிரட்டப் பழகிய அம்மா, ஒருநாள் சாயங்காலம் பேரனை அதே புருவத்தால் அதட்டினார். அவன் சிரித்துவிட்டான், அவரும் சிரித்தார். யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. நோய் குணமாகிவிடும் என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை.

"நாட்டியம் என்றால் வாடகை கட்டுங்கள், வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றீர்கள். இது இரண்டும்தான் ஐயா. நடராஜரின் ஐந்து சபைகளில் நெல்லையப்பர் கோயில் தாமிர சபையும் குற்றாலத்துச் சித்திர சபையும் நம் சீமையில் இருப்பதை எல்லா மேடையிலும் பெருமையாகப் பேசுகிறோம். பெரிய மனிதர்கள் வந்தால் வரவேற்கச் சலங்கை கட்டிய பிள்ளைகள் வேண்டும். அதே அடவு ஒரு வயசாளியை நடக்க வைக்கிறது என்று வந்து நின்றால், இடமில்லை என்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. இந்த ஊரில் முதியவர்கள் போக வேண்டிய இடம் பாதிக்கு மேல் மாடியில்தான் இருக்கிறது: பேங்க், ஸ்கேன் சென்டர், வக்கீல் ஆபீஸ். லிஃப்ட் இருந்தால் அது ஓடுவதில்லை. தரையில் இருந்த ஒரே இடத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் என்றால் அன்றைய வகுப்பை விட்டுக்கொடுக்கிறோம். கரண்ட் பில்லில் எங்கள் பங்கைக் கட்டுகிறோம். பாத்திரங்களை மேலே ஏற்றும் ஆள்கூலியையும் நாங்களே தருகிறோம். கீழ்த்தளத்தை மட்டும் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, செவ்வாய், வெள்ளி காலை 10 முதல் 11.30 வரை எங்களுக்கு ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து விளக்கம் சொல்ல டீச்சரும் பிசியோதெரபிஸ்டும் தயாராக இருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்த மாடித் திருப்பத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியாவது போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
வகுப்புக்கு வரும் ஒரு தாயின் மகள்,
திருநெல்வேலி டவுண்